தீவகத்தின் பனைமர வணிகம்

ஆறும் அடர்காடும் இல்லாத யாழ்ப்பாணத் தீவகத்தில், பிற நாடுகளில் தோன்றியதைப் போன்ற பெரிய மரம் அரியும் ஆலைகள் வளராமற் போனமைக்கு, மூலதனக் குறைவைக் காட்டிலும் பனைமரத்தின் உடலமைப்பே வலுவான காரணமாகும். தேக்கு, முதிரை போன்ற மரங்களில் வைரம், அதாவது முதிர்ந்து இறுகிய பகுதி, நடுவில் அமைந்திருக்க, பனையிலோ அது பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் கருநிற நார்களாகச் செறிந்து நிற்க, உள்ளே சோறு எனப்படும் மென்மையான பகுதியே நிறைந்திருக்கிறது. ஆகவே அகன்ற பலகைகளை அதிலிருந்து அரிந்தெடுக்க இயலாது. தறித்த மரத்தை நார் ஓடும் வழியே ஆப்பு அடித்துப் பிளந்து, சோற்றை நீக்கி, வாய்ச்சியால் செதுக்குவதே பொருத்தமான முறையாக இருந்தது.

இவ்வாறு கிடைத்த நீண்ட துண்டுகள் சுவரின் குறுக்கே கிடக்கும் தீராந்தியாகவும், கூரையைத் தாங்கும் வளையாகவும் கைமரமாகவும், ஓட்டைத் தாங்கும் சிலாகையாகவும் பயன்பட்டன. பிளந்த பாதியில் சோற்றைக் குடைந்தெடுத்தால், கிணற்று நீரை வாய்க்காலுக்குக் கொண்டுசெல்லும் பீலி கிடைத்தது. கழிவென ஒதுக்கத்தக்க மென்மையே இங்கு பயனாக மாறியது வியப்புக்குரியது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும் பின்வந்த ஆங்கிலேயர் காலத்திலும், யாழ்ப்பாணப் பகுதியின் பனைமரம் கடல்வழியே கொழும்புக்கும் தமிழகக் கரைக்கும் சென்றது. 1850இல் வில்லியம் பெர்குசன் இலங்கைப் பனையைப் பற்றித் தனிநூலே எழுதும் அளவுக்கு அம்மரம் பொருளாதார மதிப்புடையதாக விளங்கிற்று. தீவகத்திலுள்ள ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்களின் துறையாக இருந்ததால், பாரமான மரத்தை நெடுந்தொலைவு வண்டியில் இழுக்கும் செலவு தீவகத்தாருக்குக் குறைந்திருக்க வேண்டும்.

இவ்வணிகத்தின் உள்முரண் யாதெனில், மரம் தறிப்போர் வைரம் மிக்கதென விரும்பிய பெண்பனையே பழமும், ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேண்டிய கிழங்கும் தந்து குடும்பங்களைக் காத்ததாகும். 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா ஆகியவற்றுடன் பெண்பனையையும் சேர்த்து, அனுமதியின்றித் தறிப்பதைத் தடுத்தமை மிகவும் நியாயமானது. எனினும் பிற்கால உள்நாட்டுப் போரில் வடபகுதியின் எண்ணற்ற பனைகள் காவலரண்களுக்காகவும் பதுங்குகுழிகளுக்காகவும் வீழ்த்தப்பட்டன. 1978இலேயே அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை மீள்நடுகையில் ஈடுபட்டு வருகிறது. ஆனால் முதற்பாளை விடுவதற்கே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும் பனை, கூரைக்கு ஏற்ற வைரம் பெற மேலும் பல பத்தாண்டுகள் வேண்டும்.