புது ஃபிளாட்டும் இரண்டரை வயசும்

பால் காய்ச்சி இறக்கின கையோடு சாமான் லாரி வந்து நின்றது. தங்கை குடி போனது மூன்றாவது மாடி. எந்தப் பெட்டியில் பருப்பு டப்பா என்று அவளும் நானும் தேடிக் கொண்டிருக்கிறோம், குழந்தையைக் காணோம்! ஆட்கள் பால்கனியில் இறக்கி வைத்த புத்தகப் பெட்டி மேல் ஏறி நின்று, கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டி லாரிக்கு டாட்டா காட்டிக் கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் தடுமாறுமோ என்று பயந்து, சத்தமில்லாமல் போய் இடுப்போடு சேர்த்துத் தூக்கினேன். நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குகிறது.

அதனால்தான் சொல்கிறேன், பால்கனியில் பெட்டி, நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம். கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், குடி போகுமுன்பே கீழிருந்து மேல்வரைக்கும் வலை அடித்து விடுங்கள். குறுக்குக் கம்பி என்றால் அது குழந்தைக்கு ஏணியேதான். குளியலறை உள்தாழ்ப்பாளையும் எட்டாத உயரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வீடு கழுவப் பிடித்த பக்கெட் தண்ணீரை வேலை முடிந்ததும் கொட்டிக் கவிழ்த்து விட வேண்டும். இரண்டு அங்குலத் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கி விடும்.

ராத்திரி, "நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று ஒரே அழுகை. தங்கை புது விரிப்பு, புதுத் தலையணை என்று ஆசையாய்ப் போட்டிருந்தாள். (எனக்கென்னவோ அப்பவே பிடிக்கலை.) துவைக்கப் போட்டிருந்த பழைய போர்வையைத் தேடி எடுத்து, அழுக்கோடு அப்படியே விரித்தோம். முகத்தைப் புதைத்துக் கொண்டது. பத்தே நிமிஷத்தில் தூக்கம்.