திருகாணியைத் தொடும் முன்

மூட்டையைக் கட்டியிருந்த நைலான் கயிற்றின் முடிச்சுக்குள் கத்தி முனையை விட்டு நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். திறந்திருந்த அலகு மடங்கி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். கத்தியின் விலை 349 ரூபாய். இணையத்தில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

விரல் ஆறிவிட்டது. மனம் ஆறாமல் போனது அதற்குப் பிறகு நடந்ததில்தான். விற்ற கடைக்குப் புகார் எழுதினேன். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். திருகாணியின் தலை சிதைந்திருப்பது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. "நீங்கள் கழற்றியிருக்கிறீர்கள், நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. கழற்றியது உண்மைதான். வந்த அன்றே அலகு லொடலொடவென்று ஆடியது. திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்து முறுக்கினேன். கத்தி குறையோடுதான் வந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்துவிட்டேன்.

சட்டமும் இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் காயம் பட்டால் அதைத் தயாரித்தவர்மீதும் விற்றவர்மீதும் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு, காயம் பட்ட நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்றவர்மீது அந்த வழக்கைத் தொடுக்க முடியாது என்கிறது. நான் இரண்டையும் செய்திருந்தேன். திருகாணியை முறுக்கினேன், வெட்டுவதற்கு இருக்கும் கத்தியை நெம்புகோலாக்கினேன்.

முன்னூறு, ஐந்நூறு ரூபாய் மடக்குக் கத்திகளில் பல, வந்தபடியே வேலைக்கு ஆவதில்லை என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். ஒன்று ஆடும், அல்லது திறக்க நகம் பெயரும், அல்லது மொட்டையாக வரும். கொஞ்சம் முறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் ஐந்தாறு வருடம் உழைக்கும். அதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது சரிசெய்யக்கூடிய குறை, எது திருப்பி அனுப்ப வேண்டிய குறை என்று முதலில் பிரித்துப் பாருங்கள் என்கிறேன்.

பெட்டி வந்ததும் பிரிப்பதைக் கைபேசியில் படம் பிடியுங்கள். உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதமும் வருடமும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பெயரே இல்லாத அட்டைப்பெட்டியில் வந்தால் அதையும் படமெடுங்கள். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், அல்லது அவர் நம் சட்டம் எட்டாத தொலைவில் இருந்தால், அந்தப் பொறுப்பு விற்றவர் தலையில் விழும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு சொல்கிறது. பெயரில்லாத பெட்டி அப்போது உங்கள் பக்கச் சாட்சி.

அடுத்து லாக். மலிவுக் கத்திகளில் அதிகம் வருவது லைனர் லாக். பிடிக்குள் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தத் தகடு நகர்ந்துவந்து, கதவுக்கு முட்டுக் கொடுப்பதுபோல அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் நிற்கும். வெளிச்சத்தில் பிடித்து, தகடு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் மயிரிழை அளவு மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அது நழுவும். பிறகு மேசையில் பழைய துண்டை மடித்துப் போட்டு, கத்தியின் முதுகை அதன்மேல் மெதுவாக அழுத்துங்கள். அலகு மடங்கி விழும் பள்ளத்தின் குறுக்கே ஒரு விரலும் இருக்கக் கூடாது. பிடியின் இரு பக்கங்களை மட்டும் பற்றிக்கொள்ளுங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம். அழுத்தத்துக்கே தகடு நழுவினால் சோதனை முடிந்தது. அந்தக் கத்தியைத் திருகாணியால் காப்பாற்ற முடியாது. நான் அன்று புரிந்துகொள்ளாதது இதுதான். திருகாணி அலகு பக்கவாட்டில் ஆடுவதைக் குறைக்கும். முட்டுத் தகடு சரியாக உட்காராத குறையை அது தீர்க்காது.

அந்தக் காலத்துப் பேனாக் கத்தியில் லாக் கிடையாது. முதுகில் உள்ள வில்தகட்டின் அழுத்தம்தான் அலகை நிறுத்தி வைக்கும். விக்டோரினாக்ஸின் சிறிய கத்திகளும் அப்படித்தான். மாங்காய் நறுக்க, தபால் உறை கிழிக்க, பென்சில் சீவ அது போதும். குத்தித் துளைக்கிற வேலைக்கு மட்டும் அதை எடுக்கவே கூடாது.

லாக் தேறிவிட்டது, அலகு மட்டும் லேசாக ஆடுகிறது என்றால் கருவியை எடுக்கலாம். நடு ஆணியின் தலை பெரும்பாலும் ஆறு முனை நட்சத்திர வடிவில் இருக்கும். அதற்கென்று டி6, டி8 என்ற அளவுகளில் பிட் கிடைக்கிறது. சாதாரண ஸ்க்ரூடிரைவரை நுழைத்துத் திருகினால் தலை சிதையும், என்னுடையது சிதைந்ததுபோல. கத்தியை மடித்து வைத்துக்கொண்டு, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். திறந்து பாருங்கள், மறுபடி திருகுங்கள். ஆட்டம் நின்று, அலகும் தடையில்லாமல் திறக்கும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். திருகாணிக்குப் பதில் அடித்து நசுக்கிய ஆணி இருந்தால் வீட்டில் சுத்தியலை எடுக்க வேண்டாம். ஒரு அடி கூடினால் பிடி விரியும்.

எண்ணெய் என்றதும் நம் வீடுகளில் கை தேங்காய் எண்ணெய்க்குப் போகும். மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும். மற்ற நாட்களில் தூசியோடு சேர்ந்து பிசுக்காகி, லாக் தகடு முழுதாக ஏறி உட்காராமல் தடுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஆனால் பழம் வெட்டுகிற கத்தி என்றால் உணவுத் தரத்துத் தாது எண்ணெய்தான் விட வேண்டும். மரப்பிடி உள்ள ஓபினல் போன்ற கத்திகளுக்கு நம் மழைக்காலத்தில் வேறொரு தொல்லை வரும். மரம் ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். பலம் கொண்டு இழுத்தால் அலகு வெடுக்கென்று வெளிவந்து கையைக் கிழிக்கும். இரண்டு நாள் நிழலில் காய வையுங்கள், மரம் தானே விட்டுக்கொடுக்கும்.

தீட்டுவதற்குச் சாணைக்காரரிடம் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரிவாளுக்குப் பொறி பறக்கப் பிடிக்கும் சாணையை இந்த மெல்லிய அலகு தாங்காது. கூர் முனை நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறினால் இரும்பின் பதம் அங்கே போய்விட்டது என்று பொருள். விலை குறைந்த கத்திகளில் வரும் துருப்பிடிக்காத இரும்பு மென்மையானது. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகவும் ஆகும். வீட்டிலேயே எண்ணெய்க் கல்லில், சுமார் 20 டிகிரி சாய்வில், இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுத்தால் போதும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தேய்க்கலாம்.

காயம் பட்டுவிட்டால் காப்பித்தூளைத் தேடி ஓடாதீர்கள். மஞ்சளும் வேண்டாம். டாக்டர் காயத்தைக் கழுவும்போது அந்தத் தூளைத்தான் முதலில் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். விரலை மடக்க முடியவில்லை, அல்லது நுனி மரத்துப்போயிருக்கிறது என்றால் தசைநாரோ நரம்போ அறுபட்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். டாக்டர் எழுதிக்கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு இழப்பீடு கேட்பதானால் அதுதான் ஆதாரம்.

கத்தியைப் பையில் வைத்திருப்பதே குற்றமா என்று பலரும் கேட்கிறார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் வடிவமைத்த பொருளை ஆயுதமாகக் கருதுவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வரும் கத்திகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை. மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்த அளவில் சிக்காது. ஆனால் குறிப்பிட்ட பகுதிகளுக்கு அரசு தனியாக அறிவிக்கை வெளியிடலாம். டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை, பட்டன் போன்ற விசையால் திறக்கும் கத்திகளை 7.62 சென்டிமீட்டர் நீளத்திலிருந்தே கட்டுப்படுத்துகிறது. மடக்குக் கத்திக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து ராம்பூரிலேயே, நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு செய்யக் கூடாதென்று 1990களில் தடை வந்தது. ஊர் மாறினால் அளவும் மாறும். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் பெட்டியில் போட்டுக்கொள்ளும் முன் இதையும் கவனியுங்கள். அங்கே தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் விடுவது, 3 அங்குலத்துக்கு மேற்படாத கூர் கொண்ட, லாக் இல்லாத மடக்குக் கத்தியை மட்டுமே. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் வேண்டாம், செக்-இன் பெட்டிதான். தேர்தல் நேரம், தடையுத்தரவு நேரம் என்றால் உள்ளூரிலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

'தற்காப்புக் கத்தி' என்று விளம்பரப்படுத்தும் எதையும் நான் வாங்க மாட்டேன். பழம் வெட்டவும் ஒட்டுக் கட்டவும் வாங்கிய கத்தி என்று நாளைக்கு நீங்கள் சொல்லும்போது, உங்கள் ரசீதே வேறு கதை சொல்லக் கூடாது. அப்படியும் காவலர் பிடித்து விசாரித்தால் எந்த வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். கத்தியைக் கைப்பற்றினால் மகஜர் நகல் கேளுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இரண்டும் அரசியல் சாசனம் தரும் உரிமை. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண் இருக்கிறது.

இனிப் புகார். என் இரண்டாவது கத்தியும் இணையத்தில் வாங்கியதுதான். துண்டின்மேல் அழுத்திய முதல் தடவையே லாக் நழுவியது. இந்த முறை திருகாணியை நான் தொடவில்லை. நழுவுவதைப் படம்பிடித்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 'இந்தப் பொருளுக்குத் திருப்பி வாங்கும் வசதி கிடையாது' என்றுதான் முதலில் பதில் வந்தது. குறையுள்ள பொருளை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டமே பெயர் வைத்திருக்கிறது. பில் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். பஜாரில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிந்தேன். பத்தாம் நாள் பணம் வந்தது.

அதற்கும் மசியாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்று ஆணையம் கருதினால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆகவே கோபத்தில் கத்தியைக் குப்பையில் வீசிவிடாதீர்கள், முறுக்கியும் பார்க்காதீர்கள். மடித்து, அலகு திறக்காதபடி டேப் சுற்றி, அது வந்த பெட்டியிலேயே ரசீதோடு போட்டு, மேலே தேதியை எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைத்துவிடுங்கள்.