காலடியில் ஓர் ஆறுதல்

குறித்த நேரத்துக்கு முன்பே அந்தத் தாயும் மகனும் வந்துவிட்டார்கள். அமெரிக்காவின் குழந்தைகள் உளவியல் நிபுணர் போரிஸ் லெவின்சன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். காலடியில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ். சிகிச்சை நேரத்தில் நாயை அறையில் வைத்துக்கொள்வது அவர் வழக்கமில்லை. அன்று மறந்துபோனார். கதவு திறந்ததும் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய்ச் சிறுவனை நக்கியது. யாரோடும் ஒட்டாமல் தனக்குள்ளேயே முடங்கிக் கிடந்த பையன் அவன். ஆனால், பயப்படாமல் நாயைக் கட்டிக்கொண்டான். பிரிக்கப்போன அம்மாவை லெவின்சன் சைகையிலேயே தடுத்தார். கிளம்பும்போது, மறுபடியும் வந்து நாயோடு விளையாடலாமா என்று அவனே கேட்டான்.

அடுத்து வந்த நாட்களிலும் அவனுக்கு நாய்தான் எல்லாம். நிபுணர் அங்கே இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. நாய் மேல் வைத்த பிரியம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கமும் திரும்பியது. அதன் பிறகுதான் அவரால் அவனோடு பேச முடிந்தது. இந்த அனுபவத்தைச் சொன்னபோது சக நிபுணர்கள் சிலர் கேலி செய்தார்கள். லெவின்சன் அசரவில்லை. 1962-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே நாயைத் தன் சக சிகிச்சையாளர் என்று குறிப்பிட்டார்.

கட்டில் ஓரத்தில் ஒரு நாய்

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரின்போதே இப்படி ஒரு நாய் இருந்தது. 1944-ல் நியூ கினி காட்டுப் பகுதியில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்த ஸ்மோக்கி. இரண்டு கிலோகூட இல்லாத யார்க்‌ஷயர் டெரியர். அதை வளர்த்த அமெரிக்கப் படைவீரர் பில் வின் டெங்கு காய்ச்சலில் படுத்தபோது, நண்பர்கள் ஸ்மோக்கியை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். காயம்பட்டுக் கிடந்த மற்ற வீரர்களிடமும் செவிலியர்கள் அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் அது மருத்துவமனைகளுக்குப் போய்வந்தது.

பார்வையற்றவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாய் ஒருவருக்கே உரியது. ஸ்மோக்கியைப் போல ஆறுதல் தரப் போய்வரும் நாயைத் ‘தெரபி நாய்’ என்கிறார்கள். அது அப்படியல்ல. வீட்டில் வளரும் சாதாரண நாய்தான். வாரத்தில் சில மணி நேரம் தன்னை வளர்ப்பவரோடு முதியோர் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போய்வரும். பிரிட்டனில் 1983 முதல் ‘பெட்ஸ் ஆஸ் தெரபி’ அமைப்பு தன்னார்வலர்களைக் கொண்டே இதை நடத்திவருகிறது.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது. வகுப்பில் எழுந்து வாசிக்கக் கூசும் குழந்தை, தரையில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறது. ஒரு சொல்லில் தடுக்கி நின்றாலும் நாய் சிரிப்பதில்லை, திருத்துவதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு அதே சொல்லை மறுபடி எழுத்துக்கூட்டுகிறது.

ஆசியாவில் தெரபி நாய்ப் பணிக்கு வழிகாட்டியவர் விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன். 1991-ல் மேக்ஸ் என்ற தன் கோல்டன் ரெட்ரீவரோடு ஹாங்காங்கில் ‘டாக்டர் டாக்’ திட்டத்தைத் தொடங்கினார். அது சென்னைக்கும் வந்தது. ‘புளூ கிராஸ் ஆஃப் இந்தியா’ அதை இங்கே எடுத்து நடத்தியது.

நாய்க்கும் களைப்பு உண்டு

பூனைகளையும் நாய்களையும் பத்தே நிமிடம் தடவிக்கொடுத்த மாணவர்களுக்கு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்ததாக வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019-ல் கண்டது. அதற்காக எந்த நாயையும் எங்கும் கூட்டிப்போய்விட முடியாது. பாத்திரம் விழுந்தாலும், சக்கர நாற்காலி உரசினாலும், தெரியாத கை வந்து காதைப் பிடித்து இழுத்தாலும் பதறாத நாயாக இருக்க வேண்டும். இனம் முக்கியமில்லை, சுபாவம்தான் முக்கியம். ரேபிஸ் தடுப்பூசி, பூச்சி மருந்து, குளியல், நகம் வெட்டுதல் எதிலும் சமரசம் கூடாது. வளர்ப்பவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். நாய் என்றாலே பயப்படுபவர்களையும் ஒவ்வாமை உள்ளவர்களையும் வற்புறுத்தக் கூடாது.

நாயின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும். அடிக்கடி கொட்டாவி விடுவதும், உதட்டை நக்கிக்கொள்வதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ‘போதும், வீட்டுக்குப் போகலாம்’ என்று அது சொல்லும் விதம். அதைப் புரிந்துகொள்ளாதவர் இந்தப் பணிக்கு வரக் கூடாது.

நாய் நோயைத் தீர்ப்பதில்லை. மூடிக்கிடக்கும் மனத்தைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஜிங்கிள்ஸ் செய்ததும் அதைத்தான். மீதியை லெவின்சன் செய்தார். நம் ஊர் முதியோர் இல்லங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் யாராவது வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்திருப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டில் பொறுமையான நாய் ஒன்று இருந்தால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முறையான பயிற்சி கொடுங்கள். இல்லத்தாரின் அனுமதியைக் கேளுங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.