ஆடுபவரை நிற்க வைத்த பாட்டு
பாட்டு எதற்கு? கவலையை மறக்கவா, கவலையை எடுத்துச் சொல்லவா? 1982 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து இளைஞர் குழு ஒன்று இந்த வினாவை நேருக்கு நேர் சந்தித்தது. அக்குழுவின் பெயர் 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்'. அவர்களது முதல் இசைத்தொகுப்பின் பெயர் 'தி மெசேஜ்', அதாவது 'செய்தி'.

பிறந்த மண்

நியூயார்க்கின் வடபகுதி பிராங்க்ஸ். அதனை ஊடறுத்து 1948 இல் நெடுஞ்சாலை ஒன்று அமைக்கத் தொடங்கினர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 1970-களில் வேலைகள் மறைந்தன, கட்டடங்கள் தீக்கிரையாயின. அங்கே வாழ்ந்த கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் கைவிடப்பட்டனர். அந்த மண்ணில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகள் சுழற்றிய விருந்தையே ஹிப் ஹாப் இசையின் தொடக்கமாகக் கூறுவர்.

ரெக்கார்டு பிளேயரே வாத்தியம்

பள்ளியில் மின்னணுவியல் பயின்ற ஃபிளாஷ் அக்கலையை நுட்பமாக்கினார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு பிளேயர்களில் வைப்பார். பாடலில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி சில நொடிகளே. அந்த இடத்தைத் தட்டின்மீது வண்ணக்கோலால் குறித்துக்கொள்வார். ஒரு தட்டில் அப்பகுதி முடிந்தவுடன் மற்றதில் தொடங்கும். அதற்குள் முதல் தட்டை விரலால் பின்னோக்கிச் சுழற்றிவிடுவார். இவ்வாறு சில நொடித் தாளம் வேண்டுமளவு நீளும். அதன்மேல் இயைபுத் தொடையோடு பேசுவதே 'ராப்'. தொடக்கத்தில் அப்பேச்சு பெரும்பாலும் கேளிக்கையும் தற்பெருமையுமே.

வேண்டாமென்ற பாடல்

எட் ஃபிளெச்சர் என்ற இசைக்கலைஞர், எலிகளும் கடன் வசூலிப்போரும் மனிதனை விரட்டும் சேரி வாழ்க்கையைப் பாடலாக எழுதினார். 'சுகர் ஹில்' இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன் அதைப் பதிவுசெய்ய விரும்பினார். ஆனால் குழுவினர் தயங்கினர். ஆட வருபவர் தம் துன்பத்தையே கேட்க விரும்புவாரா என்பது அவர்களது அச்சம். அது நியாயமான அச்சமே! முடிவில் குழுவிலிருந்து மெல்லி மெல் ஒருவரே ஃபிளெச்சருடன் இணைந்து பாடினார். ஃபிளாஷின் கைவண்ணம் அப்பாடலில் இல்லை.

சேரியில் பிறந்த குழந்தை சிறை சென்று இளமையிலேயே மடிவதைக் கூறும் இறுதிப் பகுதி, குழுவின் 1979 ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றிலேயே இருந்தது. கேளிக்கைப் பாட்டினுள் அன்று அது கவனிக்கப்படாமல் கிடந்தது. வேகம் குறைந்த தாளத்தில் தனித்து ஒலித்தபோதுதான் உலகம் செவிசாய்த்தது.

தொகுப்பின் ஏழு பாடல்களில் பெரும்பாலானவை ஆடலுக்கும் காதலுக்கும் உரியவை. எனினும் கடைசியில் வரும் இந்த ஒரு பாடலே தொகுப்புக்குப் பெயரும் புகழும் தந்தது.

விளைவு

1983 இல் ஊதியப் பங்கு குறித்த வழக்கு எழுந்தது, குழுவும் பிளவுபட்டது. ஆனால் பாடல் திறந்த வழி மூடவில்லை. 1987 இல் முதல் தொகுப்பை வெளியிட்ட 'பப்ளிக் எனிமி' போன்றோர் அவ்வழியே வந்தனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் முதற்பட்டியலை 2002 ஆம் ஆண்டுக்குத் தொகுத்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே ஹிப் ஹாப் பாடல் இதுவே. ஃபிளெச்சர் பிற்காலத்தில் கல்லூரியில் கற்பித்தார்.

மக்கள் மறக்கவே விரும்புவர் என்று கலைஞரே எண்ணிவிடுவதுண்டு. தம் வாழ்வை உள்ளபடி சொல்லும் குரலுக்கும் மக்கள் காத்திருக்கின்றனர் என்பதே இத்தொகுப்பு தந்த செய்தி.