பிரைவேட் பூல் வில்லா: ஒரு ராத்திரிக்குக் கொடுக்கும் காசு எங்கெல்லாம் போகுது?

நீலத் தண்ணீரில் ஒரு தட்டு மிதந்து வருகிறது. அதில் தர்பூசணி, இட்லி, ஃபில்டர் காபி. பின்னால் தென்னை மரம், அதற்கும் பின்னால் மலை. மொத்தம் 15 விநாடி ரீல்ஸ்தான். பார்த்ததுமே ‘மச்சி, அடுத்த லீவுக்கு இங்க போறோம்’ என்று குரூப்பில் ஷேர் ஆகிவிடும். யாராவது ஒருத்தர் ஒருநாள் வாடகையைத் தேடிப் பார்த்துச் சொல்வார். அதோடு குரூப் அமைதியாகிவிடும்.

தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், சனி ஞாயிறு ஊருக்குத் திரும்புகிற இளைஞர்களின் போனில் இந்த மாதிரி வில்லாக்கள் நிறைய சேவ் ஆகிக் கிடக்கும். பல இடங்களில் ஒரு ராத்திரி வாடகையே ஐந்து இலக்கம். மாதச் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனா, எதற்காக அவ்வளவு காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்கலாமே!

‘ட்ராபிகல்’னா என்ன?

பூமத்திய ரேகைக்கு வடக்கே கடக ரேகை, தெற்கே மகர ரேகை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் வெப்பமண்டலம், அதாவது ட்ராபிகல். தருமபுரி இருப்பது வடக்கே சுமார் 12 டிகிரியில். ஆக, கணக்குப்படி பென்னாகரமும் ட்ராபிகல்தான், பாலித் தீவும் ட்ராபிகல்தான்!

ஆனால், ரிசார்ட் விளம்பரங்களில் ‘ட்ராபிகல்’ என்றால் வேறு அர்த்தம். அடர்ந்த பச்சை, பெரிய இலைகள், புல்வெளி, எப்போதும் ஈரம். அது மழை கொட்டுகிற தீவுகளின் அழகு. நம்ம ஊர் வெப்பமண்டலத்தின் அழகு புளியமரம், வேப்பமரம், பனைமரம், மாந்தோப்பு. வறண்ட ஊரில் பாலித் தீவைக் கொண்டுவர வேண்டுமென்றால் தினமும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். இந்தத் தண்ணீர் விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

இந்த ஸ்டைல் எங்கிருந்து வந்தது?

இன்றைக்கு நாம் பார்க்கிற வில்லா ரிசார்ட் டிசைனின் வேர்களில் முக்கியமானது, நமக்குப் பக்கத்தில் இலங்கையில் இருக்கிறது. ஜெஃப்ரி பாவா (1919–2003) என்ற கட்டடக் கலைஞர், சுடுகிற நாட்டில் கண்ணாடிப் பெட்டி மாதிரி கட்டடம் எதற்கு என்று யோசித்தவர். பழைய வீடுகளில் இருந்த நடுமுற்றம், அகலமான தாழ்வாரம், சரிந்த ஓட்டுக்கூரை, மரத்தூண் எல்லாவற்றையும் புதுக் கட்டடங்களுக்குள் கொண்டுவந்தார். எது வீட்டுக்கு உள்ளே, எது தோட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி கட்டுவது அவருடைய பாணி. பெந்தோட்டா கடற்கரை ஹோட்டல், காந்தளமா ஏரிக்கரை ஹோட்டல் எல்லாம் அவர் கைவண்ணம். நம்ம மதுரையிலும் அவர் வடிவமைத்த கட்டடங்கள் உண்டு.

1988-ல் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஏட்ரியன் ஸேக்கா என்பவர் ‘அமன்புரி’ என்ற ரிசார்ட்டைத் திறந்தார். பல மாடிக் கட்டடம் கிடையாது, நூற்றுக்கணக்கான அறைகள் கிடையாது. மரங்களுக்கு நடுவே தனித்தனியாக 40 சின்னக் குடில்கள். குறைந்த விருந்தினர்கள், நிறைய ஊழியர்கள், யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்லாத இடைவெளி. இந்த ஃபார்முலா ஹிட்டாக, உலகம் முழுக்கப் பலர் அதைப் பின்பற்றினார்கள். இந்தியாவில் கேரளத்தின் குமரகத்தில் இருக்கும் ‘கோகனட் லகூன்’, பழைய கேரள மர வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி பொருத்திக் கட்டிய ரிசார்ட்.

யோசித்துப் பார்த்தால், முற்றமும் தாழ்வாரமும் திண்ணையும் நம்ம தாத்தா பாட்டி வீட்டில் இருந்தவைதான். அதை இடித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டோம். இப்போது வாடகைக்குப் பார்க்கப் போகிறோம்!

நிஜமாக வாங்குவது என்ன?

ஒரு வில்லாவின் வாடகையைப் பிரித்துப் பார்த்தால் நிலம், கட்டடம், கரன்ட், நீச்சல்குளப் பராமரிப்பு, தோட்டக்காரர் முதல் சமையல்காரர் வரை எல்லோரின் சம்பளம், புக்கிங் ஆப்புக்குப் போகும் கமிஷன் என எல்லாமே உள்ளே இருக்கும். சாதாரண ஹோட்டலுக்கும் இதெல்லாம் உண்டு. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: தனிமை. பத்து அறைகள் கட்டக்கூடிய இடத்தில் ஒரே வீட்டைக் கட்டி, சுற்றிலும் மறைப்பு வைத்து, ஒரு குளத்தை உங்களுக்கு மட்டும் ஒதுக்குகிறார்கள். விலை ஏறுவது அங்கேதான்.

இந்தத் தனிமை சிலருக்குத் தேவையே இல்லை. சிலருக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். இரண்டு அறை வீட்டில் மாமனார் மாமியாரோடு குடித்தனம் நடத்துகிற புதுத் தம்பதிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சிரிக்க ஓர் இடம் வேண்டும். யாரும் முறைத்துப் பார்க்காமல் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்படுகிற பெண்களுக்கு, நம்ம ஊர் ஆறும் அருவியும் அந்தச் சுதந்திரத்தைத் தருவதில்லை. அவர்களுக்கு பிரைவேட் பூல் வெறும் ரீல்ஸ் ஆசை இல்லை.

ஆகவே, புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘எனக்குத் தனிமை வேண்டுமா, இயற்கை வேண்டுமா, போட்டோ வேண்டுமா?’ தனிமைதான் வேண்டும் என்றால் வில்லாவுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மற்ற இரண்டும் ரொம்பக் குறைந்த செலவில் கிடைக்கும்.

பில்லைப் படிக்கத் தெரியுமா?

* ‘ஒருநாள்’ என்பது 24 மணி நேரம் கிடையாது. பல இடங்களில் மதியம் 2 மணிக்கு செக்-இன், மறுநாள் காலை 11 மணிக்கு செக்-அவுட். ஆக, 21 மணி நேரம். அதில் தூக்கம் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

* ஜி.எஸ்.டி-யில் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒருநாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 5 சதவிகிதம், அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 8,000 ரூபாய் அறைக்கு 9,440 ரூபாய். வாடகையில் 500 ரூபாய்தான் வித்தியாசம், கையிலிருந்து போவதோ 1,565 ரூபாய் அதிகம்! ஆப்பில் முதலில் தெரிகிற விலையை நம்பாமல், வரி சேர்த்த விலையைப் பாருங்கள்.

* இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று எழுத்துகள் வரும். இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலை உணவு சேர்த்து. எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியம் அல்லது இரவு ஒருவேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் ரிசார்ட்டில் பக்கத்தில் பரோட்டா கடை இருக்காது. இ.பி. போட்டுவிட்டுப் போனால், வாடகையில் மிச்சம் பிடித்தது சாப்பாட்டில் போய்விடும்.

* ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஹோட்டல்கள் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது என 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

* ‘மிதக்கும் காலை உணவு’, கேம்ப் ஃபயர், பூ அலங்காரம் எல்லாம் வாடகையில் அடக்கமா, தனிக் கட்டணமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் போதும்.

குளத்துக்குள் ஒரு கணக்கு

6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். இந்த அளவில் ஒரு குட்டிக் குளம் என்று வைத்துக்கொள்வோம். அதை நிரப்ப 21,600 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிராமத்தில் ஒருவருக்கு ஒருநாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால், ஒரு வில்லா குளத்தின் தண்ணீர் சுமார் 390 பேரின் ஒருநாள் தேவை.

நியாயமாகச் சொன்னால், குளத்தைத் தினமும் காலி செய்து நிரப்ப மாட்டார்கள். பம்ப் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, மருந்து கலந்து திருப்பி அனுப்பும். ஆனாலும் வெயில் சும்மா இருக்காது. ஒருநாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால்கூட, இந்தக் குட்டிக் குளத்திலிருந்து 90 லிட்டர் போய்விடும். வடிகட்டியைக் கழுவும் தண்ணீர், புல்வெளிக்குப் பாய்ச்சுவது, தினமும் துவைக்கிற பெட்ஷீட், டவல் எல்லாம் தனி.

தருமபுரிக்காரர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களையும் மூட்டு வலியால் அவதிப்பட்டவர்களையும் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. அதற்காகத்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு, 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் போகிறது. நல்ல தண்ணீருக்கு இவ்வளவு பாடுபட்ட மண்ணிலிருந்து போகிறவர், ‘உங்க குளத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது? கழிவுநீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுறீங்களா?’ என்று கேட்கலாம். புக்கிங் போடும் ஆள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு பேர் கேட்டால் ஏற்பாடும் மாறும்.

ஒகேனக்கல்லில் இதெல்லாம் இல்லையா?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கி.மீ. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை. புகை மாதிரி சாரல் எழும்பும் பாறை என்பதுதான் ஒகேனக்கல்.

ரிசார்ட் மெனு கார்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ‘ஸ்பா’ என்றால், இங்கே பாறையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடும் மசாஜ்காரர்கள். அங்கே ‘இன்றைய ஃப்ரெஷ் மீன்’ என்றால், இங்கே நீங்களே மீனை வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்தும் குழம்பு வைத்தும் தருகிற அக்காக்கள். அங்கே ‘போட் ரைடு’ என்றால், இங்கே மூங்கிலில் பின்னிய வட்டப் பரிசலில் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர, நடுவில் ஒரு பயணம். ஒற்றைத் துடுப்பால் பரிசல்காரர் செய்கிற வித்தைக்கு எந்த ரிசார்ட்டிலும் ஈடு கிடையாது. தங்குவதற்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் இருக்கிறது. மசாஜுக்கும் மீன் சமையலுக்கும் நீங்கள் கொடுக்கிற காசு, உழைத்தவர் கைக்கே நேராகப் போகும்.

இல்லாதது எது? தனிமை. விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதும். உடை மாற்ற வசதியான இடம் தேட வேண்டும். ஆறு நம் சொல் பேச்சும் கேட்காது. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் நீர்வரத்து கூடும், பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். கிளம்பும் முன் செய்தியில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசலில் ஏறாதீர்கள். அனுமதி இல்லாத இடத்தில் இறங்கவே வேண்டாம்.

வில்லா குளத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய குளத்தில் பெரும்பாலும் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். குழந்தையோடு போகிறவர்கள் குளத்துக்குத் தடுப்பு உண்டா, ஆழம் எவ்வளவு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

சரி, போகலாமா வேண்டாமா?

கல்யாண நாள், அம்மா அப்பாவுக்கு முதல் டூர், பல வருஷத்துக்கு ஒருமுறை கூடும் ஃப்ரெண்ட்ஸ் என்று காரணம் இருந்தால் தாராளமாகப் போங்கள். வாரநாளில் போனால் அதே வில்லா பல இடங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆகும் செலவு கையைக் கடிக்காது. அங்கே போனதும் டவலை ஒருநாளில் மூன்று முறை மாற்றச் சொல்லாதீர்கள். அறையைச் சுத்தம் செய்கிறவர் கையில் ஏதாவது கொடுத்து, பெயர் கேட்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அவரும் நம்ம ஊர் மாதிரி ஓர் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவராக இருக்கலாம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் வேண்டாம்: இ.எம்.ஐ. போட்டோ, கிரெடிட் கார்டில் கடன் வைத்தோ போகாதீர்கள். 21 மணி நேரத் தனிமைக்கு 12 மாதம் தவணை கட்டினால், அந்த 12 மாதமும் பேங்க்காரர் உங்களைத் தனியாக விட மாட்டார்!