நிற்கத் தெரிந்த வண்டி

வண்டிக்கு ஓடுவது பெருமையா, நிற்பது பெருமையா? சென்ற ஆண்டு வரை என்னைக் கேட்டிருந்தால், ஓடுவதே என்றிருப்பேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன்.

பழவேற்காட்டு மீனவர் குடும்பமொன்றில், கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஏரியில் இறால் பிடிக்கிறார். அண்ணன் சிறிய சரக்கு வேன் ஓட்டுகிறார். விடியுமுன்னே மீனையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி வழியாகச் சென்னைக்குப் புறப்படுவார். அந்த வேன் ஓடினால்தான் எனக்குப் படிப்பு.

சென்ற மார்கழியில், பிரேக் போடும்போதெல்லாம் முன்சக்கரத்திலிருந்து 'கீச்' என்றொரு ஒலி வந்தது. "மணல் சிக்கியிருக்கும்டா, தானா போயிடும்" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன். சில வாரங்களில் அது 'கரகர' என மாறியது. ஒருநாள் காலை, ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுமி சாலைக்கு ஓடிவந்தாள். அண்ணன் பிரேக்கை மிதித்தார். அவளுக்கு ஒரு முழம் இருக்கையில்தான் வண்டி நின்றது. அன்று முழுவதும் அண்ணனின் கைநடுக்கம் நிற்கவில்லை.

பணிமனையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் பேடில் உராய்பொருளே இல்லை. பின்னாலிருந்த இரும்புத் தகடு டிஸ்கைச் செதுக்கிக்கொண்டிருந்தது. "கீச்சுன்னு கத்தினப்பவே வந்திருந்தா பேடு மட்டும்தான் செலவு தம்பி. இப்ப டிஸ்க்கும் போச்சு" என்றார் மெக்கானிக். "ஒரு பேடு எவ்வளவு நாள்ணே வரும்?" என்று கேட்டேன். "அதை உங்க அண்ணன் காலைக் கேளு" என்று சிரித்தார்.

அந்தப் பதிலுக்குள் நம் இயற்பியல் பாடமே இருக்கிறது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலைப் பிரேக் அழிப்பதில்லை. உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது. 1,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதன் ஆற்றல் சுமார் 1,39,000 ஜூல். ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆகவே, விரைந்து சென்று கடைசி நொடியில் மிதிப்பவரின் பேடு சீக்கிரம் தேய்கிறது. பாரம் கூடினாலும் அப்படியே.

கார்களில் பேடுகள் பொதுவாக 30,000 முதல் 70,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். நகர நெரிசலில் இது குறையும், நெடுஞ்சாலையில் கூடும். பிரேக் போடும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், பெரும்பாலும் முன்பேடுகளே முதலில் தேயும். புதிய பேடின் உராய்பொருள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம். அது 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில் ஒரு சிறு எஃகு நாக்கு உண்டு. பேடு தேய்ந்ததும் அது டிஸ்கை உரசிக் கீச்சிடும். நாங்கள் மணல் என்று நினைத்தது அந்த எச்சரிக்கை மணியைத்தான்!

நம் கடற்கரைக்கு இன்னொரு பகை உப்பு. உப்புக்காற்றாலும் மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் நீராலும் பிரேக்கின் நகரும் பாகங்கள் துருப்பிடித்து இறுகினால், காலை எடுத்த பின்னும் பேடு டிஸ்கை விடாது. ஒரு பக்கம் மட்டும் தேயும். ஆகவே கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், சில மாதங்களுக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பிரேக் தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருந்ததுண்டு.

தேர்வில் உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆனால், என் வீட்டு வாசலிலேயே உராய்வு கத்தியபோது எனக்குக் கேட்கவில்லை. கற்ற பாடம் தேர்வுத்தாளோடு நின்றுவிட்டால் என்ன பயன்? இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிறன்று, அண்ணன் சக்கரத்தைக் கழற்றுகிறார். நான் அளவுகோலைப் பிடிக்கிறேன்.