மண்டிக் கம்ப்யூட்டரில் யாருக்கு எந்த ஃபோல்டர்?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் என்றால் இரவு வியாபாரம். லாரிகள் ராத்திரி வந்து நிற்கும். விடிவதற்குள் சரக்கில் பெரும்பகுதி கைமாறிவிடும். அதனால் பில் போடும் பையன் இரவு ஆள். அந்தப் பில்லைப் பார்த்து வரவு வைக்கும் கணக்குப்பிள்ளை பகல் ஆள். இருவருக்கும் பொதுவாக இருப்பது மூலையில் ஓடும் ஒரு கம்ப்யூட்டரும், அதில் ஷேர் செய்து வைத்த ஃபோல்டர்களும்தான்.

அப்படிப்பட்ட ஒரு காய்கறி மண்டியை வைத்துப் பார்ப்போம். ஃபோல்டர்கள் மூன்று: தினசரி பில், வரவு செலவுக் கணக்கு, விவசாயிகளின் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும். சாஃப்ட்வேர் போட வந்தவர் பெரும்பாலும் 'எவ்ரிஒன்' என்பதற்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எல்லாம் உடனே வேலை செய்யும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாஸ்புக் நகல் யார் பென்டிரைவில் போனது என்று பிறகு கேட்டால் பதில் இருக்காது.

முதலில் ஆளுக்கொரு லாகின் வேண்டும். கல்லாவில் உட்காரும் எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் நுழைந்தால் மேற்கொண்டு செய்யும் எந்த ஏற்பாட்டுக்கும் அர்த்தம் இல்லை. டொமைன் இல்லாத சின்ன ஆபீஸில், ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் கணக்கு உருவாக்கிவிட்டால் தொல்லை இல்லை.

விண்டோஸில் அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது. குழப்பம் முக்கால்வாசி இங்கேதான். ஒன்று 'ஷேரிங்', மற்றது 'செக்யூரிட்டி'. கடைக்கு ஷட்டர், உள்ளே பண அறைக்குத் தனிக் கதவு என்று வைத்துக்கொள்ளலாம். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். செக்யூரிட்டியில் 'மாடிஃபை' கொடுத்திருந்தாலும் ஷேரிங்கில் 'ரீட்' மட்டும் இருந்தால் பில் சேவ் ஆகாது. "எல்லாம் கொடுத்துட்டேன், ஆனா எழுத விடல" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அதே கம்ப்யூட்டரின் முன்னால் நேராக உட்காருகிறவருக்கு ஷட்டரே கிடையாது. செக்யூரிட்டி மட்டும்தான் தடுக்கும். மண்டிகளில் சர்வர் என்பதே பல சமயம் பில் போடும் கம்ப்யூட்டர்தான். ஆகவே ஷேரிங்கில் லாகின் உள்ள எல்லோருக்கும் 'சேஞ்ச்' கொடுத்துவிட்டு, யாருக்கு என்ன என்பதை முழுக்க செக்யூரிட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. 'ஃபுல் கன்ட்ரோல்' வேலையாட்கள் யாருக்கும் தேவையில்லை. அது இருந்தால் அனுமதிகளையே மாற்றி எழுதலாம். 'மாடிஃபை' போதும். ஆனால் 'மாடிஃபை'யில் அழிக்கும் உரிமையும் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது.

அனுமதியை ஆள் பெயரில் எழுதாமல் குழுவின் பெயரில் எழுத வேண்டும்: பில்லிங், கணக்கு, முதலாளி. 2020 மார்ச்சில் கொரோனாவால் மார்க்கெட் மூடப்பட்டு மொத்த வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது; நவம்பர் கடைசியில்தான் திரும்பியது. அப்படி ஒரு இடமாற்றத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதே மாறிவிடும். குழு இருந்தால் ஒரு பெயரை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்த்தால் முடிந்தது. அவர் ஒருமுறை லாக் ஆஃப் செய்து உள்ளே வந்தால்தான் மாற்றம் பிடிக்கும். இதை மறந்துவிட்டு அரைமணி நேரம் தேடுவார்கள்.

'டினை' கட்டத்தைத் தொடாமல் இருப்பதே உத்தமம். ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் அனுமதிகள் ஒன்றோடொன்று கூடும்; ஒரே மட்டத்தில் 'டினை' ஒன்று வந்துவிட்டால் அது மற்றதை அடித்துவிடும். பில்லிங் குழுவுக்குப் பாஸ்புக் ஃபோல்டரில் 'டினை' போட்டால், பண்டிகை நெருக்கடியில் பில் போட உட்கார வசதியாக அந்தக் குழுவில் சேர்த்து வைத்த முதலாளி மகனுக்கும் அது திறக்காது. வேண்டாதவருக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டாலே தடைதான். மேல் ஃபோல்டரிலிருந்து அனுமதி இறங்கி வருவதால், பாஸ்புக் ஃபோல்டரில் மட்டும் 'டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' கொடுத்துவிட்டுத் தேவையற்ற பெயர்களை நீக்க வேண்டும். இன்னொரு கண்ணி: அதே டிரைவுக்குள் ஒரு ஃபைலை இழுத்துப் போட்டால் அது பழைய அனுமதியோடுதான் வந்து சேரும். காப்பி செய்தால் புது இடத்து அனுமதியை எடுத்துக்கொள்ளும்.

டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேரில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து பல பேர் என்ட்ரி போடும்போது, அத்தனை பேருக்கும் அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை வேண்டும். உள்ளே யார் எந்த லெட்ஜரைப் பார்க்கலாம் என்பதை டேலியின் பாஸ்வேர்டு பார்த்துக்கொள்ளும். ஃபோல்டரையே ஒருவர் காப்பி செய்வதையோ அழிப்பதையோ அது தடுக்காது. அழிப்பது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை வைரஸ், ஃபைல் ஷேரிங்கின் பழைய எஸ்எம்பி முறையில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அந்த ஓட்டையை அப்டேட் அடைத்துவிடும். ஆனால் மெயிலில் வந்த போலி பில்லைப் பையன் திறந்துவிட்டால், அவன் லாகின் எழுதக்கூடிய இடத்திலெல்லாம் வைரஸும் எழுதும். ஆகவே பேக்கப் போகும் இடத்தில் பில்லிங் குழுவுக்கு எந்த உரிமையும் இருக்கக் கூடாது. பேக்கப்புக்கென்று தனி லாகின் வைத்து, ஒரு டிஸ்கைக் கழற்றி முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

எல்லாம் முடிந்ததும் அட்மின் லாகினில் உட்கார்ந்து சோதிப்பதில் பயனில்லை. பையனின் லாகினில், அவன் உட்காரும் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு வெற்று ஃபைலை பில் ஃபோல்டரில் சேவ் செய்து பாருங்கள்; பிறகு பாஸ்புக் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். முதலாவது நடக்க வேண்டும், இரண்டாவது நடக்கக் கூடாது.